கல்லாறுக்காகத் தேர்ந்தெடுத்த கேம்

ஸ்ட்ரோக்கர் போட்ட, அதாவது பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டிக் கட்டிய, ராயல் என்ஃபீல்டு புல்லட் என்று தெரிந்துவிட்டால், டீக்கடையில் நிற்பவர் முதல் கோவையில் ரேஸ் வண்டி கட்டுபவர் வரை எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன கேம் போட்டிருக்கீங்க?" என்பதுதான். கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவத் துண்டு. பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) எவ்வளவு, டியூரேஷன் (வால்வைத் திறந்து வைத்திருக்கும் டிகிரி) எவ்வளவு. எண்ணைச் சொன்னால் சிலர் தலையாட்டுகிறார்கள், பலர் "அவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சின் எப்படி இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் கேமுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வண்டி எந்த உயரத்தில், எந்தச் சாலையில், எந்த வெயிலில், பின்னால் யாரை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. குன்னூரில் குடியிருந்துகொண்டு, வாரம் தவறாமல் அடிவாரத்துக் கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற ஒருவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு போர் (பிஸ்டன் ஓடும் உருளை) உள்ள பழைய 500. போரின் உள்விட்டம் 84 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குப்படி 499 சி.சி. கிராங்க் பின் உட்காரும் துளையை இரண்டு ஃப்ளைவீலிலும் 3 மி.மீ. வெளியே தள்ளிப் போட்டால் ஸ்ட்ரோக் 6 மி.மீ. கூடி 96 ஆகும். கொள்ளளவு 532 சி.சி. ஆகும். முப்பத்து மூன்று சி.சி.க்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. போரைப் பெரிதாக்குவது இதைவிட எளிது, மலிவு. ஆனால் குறைந்த சுழற்சியில், மூன்றாம் கியரில், கிளட்சைத் தொடாமல் ஹேர்பின் வளைவிலிருந்து எழுந்துவரும் அந்த இழுவையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதில் இறங்க நினைப்பவர்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலக வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டுவது கிராங்கோடு முடிந்துபோகிற வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த 3 மி.மீ. எஞ்சின் முழுக்க நடந்துபோய்க் கடைசியில் வால்வின் தலைமேல் உட்காருகிறது. கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பழையதே என்றால், பிஸ்டன் தன் ஓட்டத்தின் உச்சியான மேல்முனையில் 3 மி.மீ. கூடுதலாக ஏறும். அதைச் சமாளிக்கப் போருக்கு அடியில் அதே கனத்தில் ஒரு அலுமினியப் பட்டை வைக்க வேண்டும். பட்டை வைத்தால் போர் உயர்கிறது, அதன்மேல் ஹெட் உயர்கிறது, ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கர் உயர்கிறது. ஆனால் கேம் கீழே கிராங்க் கேஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே கேமிலிருந்து ராக்கர்வரை போகும் புஷ் ராடு 3 மி.மீ. குட்டையாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் உயரம் மாறாவிட்டாலும் ஹெட்டுக்குள் அமுக்கப்படும் கொள்ளளவு கூடிவிடுகிறது. 499 சி.சி.யில் 8.5 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது), ஹெட்டில் ஒரு தூசியைக்கூடத் தொடாமலே 532 சி.சி.யில் 9 ஆகிறது. கேமைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு இந்த ஒன்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு பேர், இரண்டு கேம்

கிராங்க் வேலை செய்துகொடுத்தவர் கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர். பந்தய வண்டிகளுக்குக் கேம் அரைத்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். அவருடைய பரிந்துரை தெளிவாக இருந்தது: கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டியபின் கிராங்க் 75 டிகிரி திரும்பும் வரை திறந்திருக்கும் கேம், கம்ப்ரஷன் 10.5. "ஸ்ட்ரோக்கைக் கூட்டினா எஞ்சினுக்குக் காத்து அதிகமா வேணும்ங்க. பழைய கேம் இதுக்குச் சின்னது" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கொள்ளளவு கூடும்போது அதே கேம் முன்பைவிட அடக்கமாக நடந்துகொள்ளும். உச்ச இழுவை வரும் சுழற்சி கொஞ்சம் கீழே இறங்கும். அதனால்தான் ஸ்ட்ரோக்கர் கட்டுபவர்கள் உலகெங்கும் ஒரு படி பெரிய கேமை நோக்கிப் போகிறார்கள்.

எஞ்சினைக் கோர்க்கப்போகிறவர் குன்னூரில் எங்கள் அண்ணன். புல்லட்டைத் தவிர வேறு வண்டியைக் கையால் தொட விரும்பாதவர். அவர் கட்சி இதற்கு நேர் எதிர். பழைய கேமே போதும், அடிப்பட்டையை இன்னும் தடிமனாக வைத்துக் கம்ப்ரஷனை எட்டுக்கு இறக்கிவிடலாம் என்றார். "தம்பி, நீங்க ஓட்டுறது ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரத்து ஐந்நூறு ஆர்.பி.எம். வரைக்கும். அதுக்கு மேல போற கேமுக்கு எதுக்குக் காசு?" இதிலும் உண்மை இருக்கிறது. பர்லியார் சாலையின் பதினான்கு ஹேர்பின் வளைவுகளில் 5,000 ஆர்.பி.எம். என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தவிர, சராசரி பிஸ்டன் வேகம் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5,000 சுழற்சிக்கு விநாடிக்கு 15 மீட்டர், 96 மி.மீ.யில் அதே சுழற்சிக்கு 16 மீட்டர். நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினை உயரத்துக்கு முறுக்கும் உரிமையை நாமே கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டோம். உயர்ந்த சுழற்சியில் மட்டும் பலன் தரும் கேமை அதில் போடுவது, போகவே போகாத ஊருக்கு டிக்கெட் எடுப்பது.

இருவர் பேச்சையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் புலப்பட்ட ஒன்று, இருவரும் ஒரே எண்ணைப் பற்றித்தான் வேறு வேறு பெயரில் சண்டை போடுகிறார்கள் என்பது. லிஃப்ட், டியூரேஷன், கம்ப்ரஷன் என்று எதைப் பேசினாலும் அது கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கிறது: இன்லெட் வால்வு எந்த டிகிரியில் மூடுகிறது என்பதில். வால்வு திறந்திருக்கும்வரை பிஸ்டன் மேலே வந்தாலும் அமுக்கம் தொடங்குவதில்லை; குறைந்த சுழற்சியில் உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் கார்புரேட்டர் பக்கமே திரும்பிப் போகிறது. மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம். எங்கள் ராடு நீளத்துக்குக் கணக்கிட்டால், கீழ்முனைக்குப் பின் 60 டிகிரியில் வால்வு மூடும்போது பிஸ்டன் ஏற்கெனவே ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 19 மி.மீ. மேலே வந்துவிட்டிருக்கும். 75 டிகிரி என்றால் 30 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, பெயரளவில் 9 என்று சொல்லப்படும் கம்ப்ரஷன், 60 டிகிரி கேமில் உண்மையில் 7.4, 75 டிகிரி கேமில் 6.5. நண்பர் ஏன் 10.5 கேட்டார் என்பது இப்போது விளங்கும். அந்த விகிதத்தில் 75 டிகிரி கேமின் உண்மையான கம்ப்ரஷன் 7.6. அண்ணன் ஏன் எட்டுக்கு இறக்கச் சொன்னார் என்பதும் விளங்கும். பழைய கேமை அளந்து பார்த்தபோது கிட்டத்தட்ட 60 டிகிரியில்தான் மூடியது, 7.4 அவர் காதுக்குத் தட்டும் எண். தட்டுவது என்றால், அமுக்கிய கலவையில் ஒரு பகுதி தானாகவே வெடித்து எஞ்சினுக்குள் சுத்தியல் சத்தம் கேட்பது.

மேலே இருக்கும் காற்று, கீழே இருக்கும் காற்று

இந்த இடத்தில் மலை குறுக்கே வருகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். குன்னூர் 1,850 மீட்டர்; அங்கே ஐந்தில் நான்கு பங்கு. சிலிண்டருக்குள் வருவதே குறைந்த அழுத்தக் காற்று என்பதால், அமுக்கிய பிறகும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். சமவெளியில் தட்டித் தொலைக்கிற கம்ப்ரஷனோடு ஒரு எஞ்சின் ஊட்டியில் வெண்ணெய் போல ஓடும். இது மலைக்காரர்களுக்கு ஒரு பெரிய ஆசை காட்டுகிறது: மெல்லிய காற்றில் இழந்த பலத்தைக் கம்ப்ரஷனை ஏற்றியும், வால்வைச் சீக்கிரம் மூடியும் மீட்டுவிடலாம் என்று. தொட்டபெட்டாவுக்கும் அவலாஞ்சிக்கும் மட்டுமே போகிற வண்டியாக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் இந்த வண்டி கீழே இறங்குகிறது. மேட்டுப்பாளையம் 314 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்துக்கு மிக அருகில். ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயிலில் சந்தைச் சாமான்களோடும் பின் சீட்டில் ஆளோடும் கிளம்பி, கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. சீசன் நாட்களில் ஏறும் வண்டிகளைப் பர்லியார் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஏறுகிற சாலை முழுக்கச் சுற்றுலா வேன்களின் பின்புறம். எஞ்சின் ஏற்கெனவே சூடு, எதிர்க்காற்று இல்லை, சுழற்சி இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, திராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) முக்கால். குறைந்த சுழற்சியும் திறந்த திராட்டிலும் அடர்ந்த சூடான காற்றும் ஒன்றுசேர்கிற அந்த இடத்தில்தான் எஞ்சின் தட்டும். சாதாரணப் பெட்ரோலில், காற்றால் குளிரும் இரும்பு போரில், 84 மி.மீ. அகலப் பிஸ்டனில், அந்தத் தட்டல் சில நிமிடங்கள் நீடித்தாலே போதும், பிஸ்டனின் தலை பதில் சொல்லிவிடும்.

மலை வண்டிக்குக் கேம் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் மலை உச்சியை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் இருவருமே, ஏன் நானும்கூட, எண்ணிக்கொண்டிருந்தோம். தேர்வை நடத்துவது அடிவாரம். கல்லாற்றில் தட்டாத எஞ்சின் ஊட்டியில் தட்டவே தட்டாது. ஊட்டியில் இனிக்கிற எஞ்சின் கல்லாற்றில் என்ன செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உச்சியில் கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுத்து, அடிவாரத்தில் தட்டாமல், அதே நேரத்தில் 2,000 சுழற்சியில் இழுவையும் சாகாமல் இருக்க வால்வு எங்கே மூட வேண்டும்? 75 டிகிரி தட்டலைத் தவிர்க்கும், ஆனால் கீழ்ச் சுழற்சியைக் கொன்றுவிடும். 10.5 கம்ப்ரஷனோடு போட்டாலோ, கேம் விழித்துக்கொள்ளும் சுழற்சியில் அடிவார வெயிலில் தட்டலும் சேர்ந்துகொள்ளும். ஏழுக்கு அருகில் உண்மையான கம்ப்ரஷன் வர வேண்டும் என்று வைத்துக் கணக்கிட்டபோது, பெயரளவு 9இல் அது 65 டிகிரிக்குப் பக்கத்தில் விழுந்தது. 7.1.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலை ஏற்றிவரும் நீராவி எஞ்சின்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நீராவி எஞ்சினில் ஓட்டுநர் ஒரு லிவரை நகர்த்தி, சிலிண்டருக்குள் நீராவி எவ்வளவு தூரம் நுழைய வேண்டும் என்பதை ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஏற்றத்துக்கு ஒன்று, சமநிலத்துக்கு ஒன்று. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும் சில நாட்களில் ஒரே ஒருமுறை முடிவெடுத்து, அந்த டிகிரியோடு எல்லாச் சாலையிலும் போக வேண்டும்.

டிகிரி வீல் சொன்னது

65 டிகிரியில் மூடும் ஒரு கேம் கிடைத்தது. லிஃப்ட் பழையதைவிட அதிகம், ஓவர்லாப் (இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) மட்டும் அடக்கமானது. ஓவர்லாப்பில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் டிசம்பர் காலை. புல் மேல் உறைபனி கிடக்கும் நேரத்தில், ஆம்ப்மீட்டர் முள்ளைப் பார்த்து, அமுக்கத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லிவரை இழுத்து, பிஸ்டனை மேல்முனை தாண்டி வைத்து உதைக்கும்போது, இரண்டு வால்வும் நெடுநேரம் ஒன்றாகத் திறந்திருக்கும் கேம் என்றால் கலவை நேராகப் புகைபோக்கி வழியே போய்விடும். ஐடிலிலும் நிற்காது.

கேமோடு வந்த அட்டையில் 65 என்று அச்சடித்திருந்தது. பல்சக்கரங்களில் புள்ளிக்குப் புள்ளி பொருத்தி மூடிவிட வேண்டியதுதான் என்றார் அண்ணன். இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறார், வண்டிகள் ஓடவும் செய்கின்றன. அளந்துவிட்டு மூடலாம் என்று கேட்டுக்கொண்டேன். கிராங்க் முனையில் டிகிரிகள் குறித்த வட்டத் தட்டான டிகிரி வீலை மாட்டி, ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு போல்ட்டைத் தடையாக வைத்து, பிஸ்டனை இருபக்கமிருந்தும் அதில் முட்டவிட்டு, இரண்டு எண்களின் நடுவை மேல்முனையாகக் குறித்துக்கொண்டோம். கண்ணால் பார்த்தோ பென்சிலை விட்டோ மேல்முனை கண்டுபிடிப்பது போதாது. அங்கே கிராங்க் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பேனா ஸ்பிரிங் அளவு மெல்லிய ஒன்றை மாட்டி, டயல் கேஜின் முனையை, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வால்வு தட்டின்மேல் உட்காரவைத்து, 0.15 மி.மீ. மிச்சத் தூக்கலை மூடும் புள்ளி என்று வைத்துக் கிராங்கைச் சுற்றினேன். முள் இறங்கி வந்து நின்றபோது வீல் காட்டியது 71.

திரும்பத் திரும்பச் சுற்றினோம். 71தான். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் கேமும் அட்டையில் போட்டதைவிட 4 டிகிரி தாமதம். இது ஒருவர் செய்த தவறு என்று சொல்ல முடியாது. கேமையும் பல்சக்கரத்தையும் அழுத்திச் சேர்த்த இடத்தில் கொஞ்சம், கிராங்கில் மாட்டும் சிறு பல்சக்கரமான பினியனின் சாவிப்பள்ளத்தில் கொஞ்சம், பற்களின் இடைவெளியில் கொஞ்சம் என்று ஒவ்வோர் இணைப்பிலும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்த 6 டிகிரியில் 7.1 ஆக இருந்திருக்க வேண்டிய உண்மைக் கம்ப்ரஷன் 6.8 ஆகிவிடுகிறது, கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த கேம், பந்தயக் கேமுக்குப் பாதி வழியில் போய் நிற்கிறது. அப்படியே மூடியிருந்தால், "கீழ இழுவையே இல்லீங்க, இந்தக் கேம் சரியில்லை" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். கேமைப் பற்றிக் காதில் விழும் குறைகளில் எத்தனை இப்படிப் பிறந்தவையோ என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு விடவில்லை. புள்ளியை ஒரு பல் மாற்றி வைக்கலாம் என்றால், ஒரு பல் என்பது கிராங்கில் பத்து டிகிரிக்கும் மேல். நோயைவிட மருந்து பெரிது. கடைசியில் பினியனின் சாவியை 5 டிகிரி தள்ளி இருக்கும்படி கணபதி நண்பர் செதுக்கிக் கொடுத்தார். இன்லெட் 66க்கு வந்தது, எக்ஸாஸ்ட் அட்டைக்கு ஒரு டிகிரி முன்னே. இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

கேமை முன்னே தள்ளினால் இன்லெட் வால்வு சீக்கிரம் திறக்கும். அதாவது மேல்முனையில் பிஸ்டனுக்கு இன்னும் நெருக்கமாக வரும். நீண்ட ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேல்முனையிலிருந்து முன்பைவிட வேகமாக நகர்வதால் பழைய எஞ்சினில் அளந்த இடைவெளி எதற்கும் உதவாது. பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டை இறுக்கி, கிராங்கை இரண்டு சுற்று கையால் சுற்றித் திறந்து, களிமண்ணை வெட்டிப் பார்த்தோம். இன்லெட் பக்கம் மிக மெல்லிய இடத்தில் 2.2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 3 மி.மீ.க்கு மேல். பொதுவாக இன்லெட்டுக்கு 2, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. குறையக் கூடாது என்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடேறி நீளும், பிஸ்டனும் அதைத் துரத்திக்கொண்டு வரும். புல்லட் ஹெட்டில் இரண்டு வால்வும் சாய்ந்து எதிரெதிரே நிற்பதால், லிஃப்ட் கூடும்போது அவை ஒன்றோடொன்று மோதுமா என்பதையும் ஓவர்லாப்பில் கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

புஷ் ராடு முதல் ஸ்பிரிங் வரை

குட்டையாகிப்போன புஷ் ராடுக்கு அண்ணன் சொன்ன வழி, கீழே இருக்கும் அட்ஜஸ்டரை 3 மி.மீ. மேலே ஏற்றிவிடுவது. ஏறும், ஆனால் அட்ஜஸ்டரில் பிடித்திருக்கும் மரை சில சுற்றுகளே மிஞ்சும். புதிதாகவே செய்யச் சொன்னோம். எதில் செய்வது என்று அடுத்த விவாதம். இரும்புக் குழாயில் செய்தால் வளையாது, கேம் சொல்வதை அப்படியே ராக்கருக்குக் கடத்தும். உயர்ந்த சுழற்சிக்கு அதுதான் நல்லது. ஆனால் இந்த எஞ்சின் குளிர்ந்த நிலையில் இடைவெளியே இல்லாமல், புஷ் ராடை விரலால் சுற்ற முடிகிற, மேலும் கீழும் ஆடாத நிலையில் டேப்பட் (கேமின்மேல் நின்று புஷ் ராடைத் தூக்கும் துண்டு) வைப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது. சூடானதும் போரும் ஹெட்டும் நீளும். அலுமினியப் புஷ் ராடு அதற்கு ஓரளவாவது ஈடுகொடுத்து நீளும், இரும்பு ராடு பின்தங்கிவிடும். அப்புறம் குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரை டேப்பட் சத்தம் கேட்கும். 5,000த்தைத் தாண்டாத எஞ்சினுக்குத் தடித்த சுவருள்ள அலுமினிய ராடும், முனையில் கடினமாக்கிய இரும்பு மூடியும் போதும் என்று முடிவாயிற்று. நீளத்தை உறுதி செய்ய வால்வு முனையில் மார்க்கர் மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தோம். ராக்கர் தேய்த்த கோடு முனையின் நடுவில், மெல்லியதாக விழுந்தது.

டேப்பட்டுகள் புதியவை. பழைய டேப்பட் பழைய கேமின் முகத்துக்குத் தேய்ந்து பழகியது. அதைப் புதிய கேமில் வைத்தால் இரண்டுமே சீக்கிரம் போய்விடும். இதில் சிக்கனம் பார்ப்பவர்களோடு நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன். பழைய கேமையே அரைத்துக் கூர்மையாக்கித் தருகிறோம் என்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: கேமில் வால்வைத் தூக்கும் மூக்கு போக மீதி வட்டமான அடிவட்டம் எவ்வளவு குறைகிறது? அது குறைந்த அளவுக்குப் புஷ் ராடு மறுபடி நீள வேண்டும்.

ஸ்பிரிங்கில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதுவும் ஏற்றத்துக்காக அல்லாமல் இறக்கத்துக்காக. கடினமான ஸ்பிரிங் போட்டால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடுதலான ஒவ்வொரு கிலோவும் கேமின் மூக்கிலும் டேப்பட்டின் அடியிலும் தேய்மானமாக வந்து சேரும் என்பதை யாரும் நினைப்பதில்லை. வால்வு முழுத் தூக்கலில் இருக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் ஒன்றரை மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். வால்வு தட்டின் அடிப்பகுதி, வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடின் சீலில் இடிக்காமல் அதே அளவு மிச்சம் வேண்டும். இவை இரண்டும் தேறிய ஸ்பிரிங்குகளில், 5,500 சுழற்சி வரை வால்வைக் கட்டுக்குள் வைக்கும் மிக மென்மையான ஜோடியை எடுத்துக்கொண்டோம். அந்தக் கூடுதல் ஐந்நூறு எதற்கென்றால், கோத்தகிரி சாலையில் இறங்கும்போது திராட்டில் மூடியிருக்க, இரண்டாம் கியர் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகும் வேளைகளுக்கு. ஏறும்போது எட்டாத சுழற்சியை இறங்கும்போது எட்டிவிடுகிறோம்.

அந்த இறக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மூடிய திராட்டிலுக்குப் பின்னால் இன்லெட் குழாயில் வெற்றிடம் ஏறி, ராக்கர் பெட்டியில் இருக்கும் எண்ணெயைக் கைடு வழியே உறிஞ்சும். அடிவாரத்தில் திராட்டிலைத் திறந்ததும் நீலப் புகை கிளம்பினால் ரிங் போய்விட்டது என்று போரை இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் இன்லெட் கைடுதான். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டி அதே கைடு இடைவெளியோடு புகைவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். அதனால் இன்லெட் கைடை இறுக்கமான அளவிலும், எக்ஸாஸ்ட் கைடைச் சற்றுத் தாராளமாகவும் ரீமர் போடச் சொன்னோம். சூட்டில் வால்வுத் தண்டு பிடித்துக்கொள்ளும் அபாயம் எக்ஸாஸ்ட் பக்கம்தான். சீல் இன்லெட்டில் மட்டும்.

முதல் முறை எஞ்சினை எழுப்பும்போது கேமிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பசையைத் தடவி, துத்தநாகம் கலந்த எண்ணெய் ஊற்றி, ஐடிலில் நிற்கவிடாமல் சுழற்சியை ஏற்றி இறக்கிக்கொண்டே ஓட்டினோம். தட்டை டேப்பட் கேமுக்கு அந்த முதல் ஓட்டம் முக்கியம். ஐடிலில் மூக்கின்மேல் அழுத்தம் மிக அதிகம், தெறித்து வரும் எண்ணெயோ மிகக் குறைவு. ஆறியதும் டேப்பட்டைச் சரிபார்த்து, அடுத்த சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி சரிபார்த்தோம்.

கோடையில் கல்லாறு ஏற்றத்தில் இருவரோடும் பைகளோடும் மூன்றாம் கியரில் முக்கால் திராட்டில் கொடுத்துப் பார்த்தாயிற்று, தட்டவில்லை. ஊட்டிக்குள் சாரிங் கிராஸ் பக்கம் வரும்போது, சீக்கிரம் மூடும் கேம் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும் என்று தெரிகிறது, அதை நான் விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினேன். அண்ணனுக்கு 9 கம்ப்ரஷன் மேல் இன்னும் சமாதானம் ஆகவில்லை, கணபதி நண்பருக்கு 66 டிகிரி மேல் சமாதானம் ஆகவில்லை. எனக்குச் சமாதானம் ஆகாதது கார்புரேட்டர். 500க்கு அளவாக இருந்த 28 மி.மீ. மிக்கார்ப் 532க்கு நான்காயிரத்துக்கு மேல் மூச்சு முட்டுகிறது. பெரிதாக்கினால் இரண்டாயிரத்தில் தடுமாறும். இப்போதைக்குப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஊட்டிக்கு ஒன்று, அடிவாரத்துக்கு ஒன்று என்று மாற்றாமல், நடுவில் ஒன்றைப் போட்டு, கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.